குழாய்க்குள் எட்டிப் பார்ப்போம்!



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, "எனக்குக் கவிதை வராது, கதையும் வராது. குழாயைப் பத்தி வேணும்னா எழுதுறேன்" என்றேன். "குழாயைப் பத்தி என்னப்பா இருக்கு? நாலு வரியில முடிஞ்சிரும்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் உண்டு.

நமது பாடப் புத்தகத்தில் குழாய் என்றால் விட்டம், நீளம், உராய்வு இழப்பு. சூத்திரத்தில் போட்டால் விடை வந்துவிடும், பத்து மதிப்பெண்ணும் வந்துவிடும். ஆனால் அந்தக் கணக்கில் வரும் குழாய்க்கு வயதே ஆவதில்லை. போட்ட அன்றைக்கு இருந்த மாதிரியே என்றைக்கும் இருக்கும். நிஜக் குழாய் அப்படியல்ல. வெளியே பெயிண்ட் பளபளக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதை எப்படித் தெரிந்துகொள்வது, தெரிந்துகொண்டதாக நினைத்து எப்படி ஏமாறுவது, இந்த இரண்டையும்தான் இங்கே எழுதுகிறேன். ஏமாந்தவன் நானே.

என் கையெழுத்து

எனக்குச் சொந்த ஊர் பழனி மலையின் கீழ்ச் சரிவு. எங்கள் மலையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர்க் குழாய்தான். பேரிஜம் ஏரித் தண்ணீர் மலையிறங்கிப் பெரியகுளத்துக்குக் குடிநீராகப் போகிறது. கொடைக்கானல் நகரத்துக்கு அப்சர்வேட்டரி பக்கத்து நீர்த்தேக்கமும் மனோரத்தினம் சோலை அணையும் தண்ணீர் தருகின்றன. இவை தவிர எஸ்டேட், விடுதி, தோட்டம் என்று ஆளாளுக்கு ஒரு ஊற்றிலிருந்து சொந்த லைன் இழுத்திருப்பார்கள். மலையில் மோட்டார் தேவையில்லை. உயரமே மோட்டார்!

அப்படி ஒரு லைன் பெருமாள்மலைக்கு மேலே ஒரு தங்கும் விடுதிக்கு இருந்தது. பெயர் வேண்டாம். சோலைக்குள் ஒரு ஊற்றுத் தொட்டி. அங்கிருந்து 600 மீட்டர் நீளத்துக்கு நாலு அங்குல இரும்புக் குழாய். 120 மீட்டர் இறக்கம். நீலப் பட்டை போட்ட 'பி' கிளாஸ் குழாய். புதிதில் அதன் கனம் 4.5 மி.மீ. போட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. விடுதிக்கும், பின்னால் இருந்த 18 வேலையாட்கள் வீட்டுக்கும் அதுதான் தண்ணீர். அந்த லைனைப் பார்த்துக்கொண்டவர் என் தாய்மாமா. படிப்பு எட்டாம் வகுப்பு, தொழில் ஃபிட்டர், சம்பளம் தினக்கூலி.

நான் இரண்டாம் ஆண்டு படித்தபோது தீபாவளி விடுமுறையில் ஊருக்குப் போனேன். விடுதி முதலாளி குழாயை மாற்றலாமா, இன்னும் நாலு வருஷம் ஓட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். மாமா பெருமையாக, "எங்க மாப்ள டிப்ளமா படிக்கிறான், மிஷின் வச்சுப் பாத்துச் சொல்லுவான்" என்று சொல்லிவிட்டார். நானும் ஆசிரியரிடம் அனுமதி வாங்கி ஆய்வகத்து அல்ட்ராசோனிக் கனமானியை எடுத்துப் போனேன். கையில் மிஷின் இருந்தால் நமக்கு ஒரு மிதப்பு வந்துவிடும் அல்லவா?

மாமா ஒரு விஷயம் சொன்னார். "மாப்ள, கீழ கேஜ் இருக்குல்ல, முன்னெல்லாம் வால்வத் தொறந்தா முள்ளு லேசாத்தான் எறங்கும். இப்ப ஒரு கிலோவுக்கு மேல எறங்குது. காலையில மொதத் தண்ணி செவப்பாவும் வருது." நான் காதில் வாங்கவில்லை. "கேஜ் பழசா இருக்கும் மாமா" என்றேன்.

12 இடத்தில் அளந்தேன். பெயிண்ட்டைச் சுரண்டி, அரம் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவி, ப்ரோபை வைத்தால் எண் வருகிறது. 4.3, 4.2, 4.4... மிகக் குறைந்தது 4.1. எல்லாமே குழாயின் மேல்பக்கம். ஏனென்றால் குழாய் தரையோடு தரையாகக் கிடந்தது. அடியில் கை போகாது. கீழ்க்கோடியில் ஓடையைத் தாண்டும் இடத்தில் தாங்கு கல் புதைந்து குழாய் தொய்ந்து கிடந்தது. அங்கே சேறு, புதர், போதாததற்கு அட்டை. அந்த இடத்தை விட்டுவிட்டேன். ஒரு வெள்ளைத் தாளில் 12 எண்களையும் எழுதி, அடியில் "குழாய் நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். முதலாளிக்குச் சந்தோஷம். குழாய் மாற்றும் பேச்சு நின்றது.

இருபதாவது நாள் குழாய் வெடித்தது. எங்கே என்று நான் சொல்லவும் வேண்டுமா?

எப்படி வெடித்தது என்பதைப் பின்னால் பார்ப்போம். முதலில் பாடம்.

குழாய் உள்ளே ஏன் கெடுகிறது?

திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் பக்கம் போர்வெல் தண்ணீர் உப்பு. அங்கே குழாய் சுண்ணாம்பு படிந்து அடைக்கும். அடைத்தாலும் அந்தச் சுண்ணாம்புத் தோல் இரும்புக்கு ஒரு சட்டை மாதிரி. சோலைத் தண்ணீர் அப்படியல்ல. மழை நீர் மக்கிய இலைகளின் வழியே இறங்கி வருவதால் அது மென்னீர். கொஞ்சம் அமிலத் தன்மையும் சேரும். சோப்பு நன்றாக நுரைக்கும், குடிக்க இனிக்கும். ஆனால் சட்டை போடத் தெரியாது. இரும்பு அம்மணமாக நிற்கும், ஆக்ஸிஜன் அதைத் தின்னும்.

அதுவும் எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தின்றால் பயமில்லை. தொய்வான இடத்தில் ஓட்டம் நின்ற நேரமெல்லாம் வண்டல் படியும். வண்டலுக்கு அடியில் ஆக்ஸிஜன் குறைவு. வெளியே தெரியும் இரும்புக்கு ஆக்ஸிஜன் அதிகம். இந்த வித்தியாசமே ஒரு பாட்டரி செல் போல வேலை செய்கிறது. ஆக்ஸிஜன் குறைந்த இடம் ஆனோடு ஆகிறது. அதாவது கரைவது அதுதான். ஆகவே படிவுக்கு அடியில் இருக்கும் இரும்பு, மூடிய பானைக்குள் பால் பொங்குவது போல, வெளியே தெரியாமல் கரைந்துகொண்டே போகும். காற்றில்லா இடத்தில் வளரும் சில பாக்டீரியாக்களும் இந்த வேலைக்குத் துணை வரும்.

குழாயின் வெட்டுமுகத்தை ஒரு கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். உச்சி 12 மணி, அடி 6 மணி. தண்ணீர்க் குழாயில் வண்டலால் 6 மணி கெடும். வாயுக் குழாயில் அடியில் தேங்கும் நீரால் அங்கேயும் 6 மணிதான். நீராவி, கொதிநீர்க் குழாய்களில் வளைவும் நெருக்கமும் உள்ள இடத்துக்கு அடுத்துச் சுழல் ஓடும் பகுதி தேயும். எந்தத் திரவம், எங்கே நிற்கும், எங்கே சுழலும்? இந்தக் கேள்விதான் முதல் கருவி. இதற்குக் காசு கிடையாது.

கண்டறியும் வழிகள்

தொடமுடியாததையும் அளக்கலாம் என்பதற்கு எங்கள் கொடைக்கானலே சாட்சி. 1909ஆம் ஆண்டு அங்குள்ள சூரிய ஆய்வகத்தில் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளியில் வாயு வெளிநோக்கி ஓடுவதை ஒளியின் நிறமாலையை வைத்தே கண்டுபிடித்தார். சூரியனையே படித்தவர்கள் இருக்கும்போது நாலு அங்குலக் குழாய் எம்மாத்திரம்? ஆனால் ஒவ்வொரு வழியும் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும் என்பதை மறக்கக் கூடாது.

1. ஓட்டச் சோதனை. இதற்கு ஒரு பிரஷர் கேஜ், ஒரு 200 லிட்டர் பேரல், ஒரு கைக்கடிகாரம் போதும். வால்வை மூடினால் 120 மீட்டர் உயரத்துக்கு கேஜ் 12 கிலோ காட்டும். வால்வைத் திறந்து பேரல் 33 வினாடியில் நிறையும்படி வைத்தால் ஓட்டம் வினாடிக்கு 6 லிட்டர். இப்போது கேஜ் எவ்வளவு இறங்கியது? ஹேசன்-வில்லியம்ஸ் சூத்திரத்தில் புதுக்குழாய்க்கு 'சி' எண் 130 என்று போட்டால் 600 மீட்டருக்கு இழப்பு சுமார் 3.4 மீட்டர், கேஜில் 0.35 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. 'சி' 70 என்று போட்டால் இழப்பு சுமார் 10.9 மீட்டர், கேஜில் 1.1 கிலோ. மாமா சொன்ன "ஒரு கிலோவுக்கு மேல" என்ன என்று இப்போது புரிகிறதா? உள்ளே துருக் கட்டிகள் புற்று மாதிரி வளர்ந்து குழாய் கரடாகிவிட்டது என்று அந்தப் பழைய கேஜ் கத்திக்கொண்டிருந்தது. இந்தக் கணக்கை நான் வெடித்த பிறகு போட்டேன். முன்னால் போட்டிருக்க வேண்டும். இந்தச் சோதனையின் குறை, மொத்தக் குழாயின் சராசரியைத்தான் சொல்லும். எந்த இடம் என்று சொல்லாது.

2. சுத்தியல் தட்டு. பழைய ஃபிட்டர்களின் கலை. நல்ல குழாய் மணி மாதிரி ஒலிக்கும். படிவு உள்ள இடம் மொத்தென்று சொல்லும். எண் வராது, ஆனால் எங்கே சந்தேகப்பட வேண்டும் என்று காட்டும். அழுத்தம் உள்ள மெலிந்த குழாயை ஓங்கி அடித்துப் பார்ப்பது ஆபத்து. லைனை வடித்துவிட்டுத் தட்டுங்கள்.

3. அல்ட்ராசோனிக் கனமானி. எஃகில் ஒலி வினாடிக்குச் சுமார் 5,900 மீட்டர் ஓடும். ப்ரோபிலிருந்து போன ஒலி உட்சுவரில் மோதித் திரும்பி வர ஆகும் நேரத்தைக் கருவி அளக்கிறது. 4.5 மி.மீ. போய்த் திரும்ப ஒன்றரை மைக்ரோ வினாடி! துல்லியமான கருவிதான். முதலில் படிக்கட்டுத் துண்டில் வைத்துச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் அது சொல்வது ப்ரோபுக்கு நேர் அடியில் உள்ள ஒரு காசு அளவு இடத்தைப் பற்றி மட்டுமே. இரண்டு அங்குலம் தள்ளி ஓட்டையே இருந்தாலும் அதற்குத் தெரியாது. ஆகவே ஒரு இடத்தில் ஒரு எண் அல்ல. ஒரு வளையத்தில் 12, 3, 6, 9 மணி என்று குறைந்தது நான்கு எண்.

4. ரேடியோகிராபி. ஐரிடியம்-192 போன்ற கதிரியக்க மூலத்தைக் குழாயின் ஒரு பக்கமும் பிலிமை மறுபக்கமும் வைத்துப் படம் எடுப்பது. உள்ளே படிவும் மெலிவும் எக்ஸ்-ரே மாதிரி தெரியும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதியும், பயிற்சி பெற்ற ஆளும், சுற்றிலும் கயிறு கட்டி ஆட்களை விலக்குவதும் கட்டாயம். இதில் வேலை கிடைத்தால் விளையாட்டு வேண்டாம் தோழர்களே!

5. போரோஸ்கோப், கேமரா. பிளாஞ்சைக் கழற்றியோ வால்வை எடுத்துவிட்டோ உள்ளே விளக்குடன் கேமராவை விடலாம். கண்ணால் பார்ப்பது போலவே. ஆனால் படிவு இருந்தால் படிவைத்தான் காட்டும். படிவுக்கு அடியில் எவ்வளவு இரும்பு மிச்சம் என்று காட்டாது. முதலில் கழுவ வேண்டும்.

6. பிக். எண்ணெய், வாயு செல்லும் நெடுந்தூரக் குழாய்களுக்கு உரியது. சென்னையிலிருந்து திருச்சி வழியாக மதுரைக்குப் பெட்ரோலும் டீசலும் கொண்டுவரும் இந்தியன் ஆயில் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். அத்தனை கிலோமீட்டரும் மண்ணுக்கடியில். யார் போய் ப்ரோப் வைப்பது? ஆகவே இத்தகைய குழாய்களில் ஓடும் திரவமே தள்ளிக்கொண்டு போகும்படி ஒரு கருவியை உள்ளே விடுகிறார்கள். சாதாரண பிக் துடைத்துக்கொண்டு போகும். அறிவுள்ள பிக்கில் பலமான காந்தங்கள் இருக்கும். குழாய்ச் சுவர் முழுதும் காந்தப்புலம் நிரம்பியிருக்க, உலோகம் குறைந்த இடத்தில் மட்டும் புலம் வெளியே கசியும்; சென்சார்கள் அதைப் பதிவு செய்யும். இந்த முறை 1965 முதல் வணிக ரீதியில் புழக்கத்தில் உள்ளது. இதற்கு நிபந்தனை, குழாய் வழிவிட வேண்டும். வளைவு இறுக்கமாகவோ வால்வு வழி குறுகலாகவோ இருந்தால் பிக் மாட்டிக்கொள்ளும். ஏற்றவும் இறக்கவும் லாஞ்சர், ரிசீவர் வேண்டும்.

7. ஹைட்ரோ டெஸ்ட். வேலை அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு தண்ணீர் அழுத்தம் ஏற்றித் தாங்குகிறதா என்று பார்ப்பது. இன்று தாங்கும் என்று சொல்லும். அடுத்த வருடத்தைப் பற்றி உத்தரவாதம் கிடையாது.

8. வெட்டிப் பார்ப்பது. கடைசி வழி, பொய் சொல்லாத வழி. சந்தேகமான இடத்தில் ஒரு அடித் துண்டை வெட்டி எடுத்து, நெடுக்கே பிளந்து பார்த்துவிட்டுப் புதுத் துண்டை வைத்து வெல்டிங் செய்வது. அரை நாள் வேலைதான். அதைச் சொல்ல அன்று எனக்குத் தோன்றவில்லை.

வெடித்த நாள்

மாமா லைனில் முன்பு சக்கரம் வைத்த கேட் வால்வு இருந்தது. இருபது சுற்றுச் சுற்றினால்தான் மூடும். அதன் தண்டு உடைந்ததால் கைப்பிடியைக் கால் வட்டம் திருப்பினால் மூடிக்கொள்ளும் பால் வால்வைப் புதிதாகப் போட்டிருந்தார்கள். "சுலபமா இருக்கு மாப்ள" என்று மாமாவே சொன்னார். அந்தச் சுலபத்தில்தான் ஆபத்து இருந்தது.

அன்று தொட்டி நிறைந்ததும் மாமா கைப்பிடியைச் சட்டென்று திருப்பினார். ஓடிக்கொண்டிருந்த 600 மீட்டர் நீளத் தண்ணீர் அப்படியே நின்றது. இதைத்தான் நீர்ச் சுத்தியல் என்கிறோம். கணக்கைப் பாருங்கள்.

ஓட்டம் வினாடிக்கு 6 லிட்டர். உள்விட்டம் 105 மி.மீ. வேகம் வினாடிக்குச் சுமார் 0.7 மீட்டர். இரும்புக் குழாய்த் தண்ணீரில் அழுத்த அலை வினாடிக்குச் சுமார் 1,300 மீட்டர் போகும். சட்டென்று நிறுத்தினால் கூடும் அழுத்தம் = அடர்த்தி × அலை வேகம் × நீர் வேகம் = 1000 × 1300 × 0.7. ஏறக்குறைய 9 கிலோ! ஏற்கெனவே உள்ள 12 கிலோவோடு சேர்த்து 21 கிலோ. இந்த அலை 600 மீட்டர் போய்த் திரும்பச் சுமார் 0.9 வினாடி ஆகும். அதற்குள் வால்வு மூடிவிட்டால் முழு அடியும் விழும். சக்கர வால்வில் அது நடக்கவே நடக்காது. பால் வால்வில் தினமும் நடக்கும்.

இனி குழாயின் பலம். வளையத் தகைவு = அழுத்தம் × விட்டம் ÷ இரு மடங்கு கனம். அழுத்தம் 1.2 நியூட்டன், விட்டம் 114 மி.மீ., அனுமதிக்கும் தகைவு 100 நியூட்டன் என்று போட்டால் தேவையான கனம் 0.7 மி.மீ. மட்டுமே. என் தாளில் குறைந்தது 4.1 இருந்தது. ஆறு மடங்கு! இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நான் தைரியமாகக் கையெழுத்துப் போட்டேன். கணக்கு சரி. இடம்தான் தப்பு.

ஓடைத் தொய்வில் 6 மணிப் பக்கத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு, ஒரு சாண் நீளத்துக்குக் குழாய் தேய்ந்திருந்தது. பிறகு வெட்டி எடுத்து வெர்னியர் வைத்துப் பார்த்தேன். கிழிந்த விளிம்பில் 0.4 மி.மீ. அதே வளையத்தில் 12 மணியில் 4.2! ஒரே வளையம், ஒரு சாண் இடைவெளி கூட இல்லை. 0.4 மி.மீ. கனத்துக்கு 12 கிலோவில் தகைவு 171 நியூட்டன். இரும்பு எப்படியோ தாங்கிக்கொண்டிருந்தது. 21 கிலோவில் தகைவு சுமார் 300. புதுக்குழாயே 320இல் அறுந்து போகலாம். அரிப்புப் பள்ளம் விழுந்த பழைய குழாய் எப்படித் தாங்கும்?

தொய்வு வால்விலிருந்து பத்தடி தூரம். பீறிட்ட தண்ணீர் மாமாவைத் தூக்கி ஓடைப் பாறையில் போட்டது. கணுக்காலுக்கு மேல் எலும்பு முறிந்தது. இரண்டு மாதம் மாவுக்கட்டு. இரண்டு மாதமும் கூலி இல்லை. 18 வீட்டுப் பெண்களும் ஒன்பது நாள் ஓடையிலிருந்து குடம் சுமந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் மாமா என்னைத் திட்டவில்லை. "நீ அளந்த எடமெல்லாம் நல்லாத்தான இருந்துச்சு மாப்ள, நீ என்ன பண்ணுவ?" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. கல்லூரிக்குத் திரும்பி ஆசிரியரிடம் சொன்னேன். அவர் ஒரே கேள்வி கேட்டார்: "எந்தெந்த இடத்தில் அளக்கவில்லை என்று எழுதினாயா?"

எழுதவில்லை. எழுதவேண்டும் என்றே எனக்குத் தெரியாது.

பெரியவர்களும் தப்பிய பாடம்

இது என்னைப் போன்ற அரைகுறை மாணவனின் தவறு மட்டும்தானா என்று நூலகத்தில் தேடிப் படித்தேன். இல்லை நண்பர்களே!

2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் 19. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் கார்ல்ஸ்பாட் அருகே ஆற்றங்கரை. 30 அங்குல எரிவாயுக் குழாய் வெடித்து, அருகே கூடாரமிட்டுத் தங்கியிருந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 12 பேரும் இறந்தார்கள். விசாரணையில் வெளிவந்த காரணம் உள் அரிப்பு. குழாயின் தாழ்வான இடத்தில் நீர் தேங்கி, சுவரை உள்ளிருந்து தின்றிருந்தது. அந்தப் பகுதியில் பிக் போக வழியில்லாதபடி குழாய் அமைந்திருந்தது. தாழ்வான இடம், பார்க்க வழியில்லாத இடம். எங்கள் ஓடைத் தொய்வேதான்!

2004ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9. ஜப்பானின் மிஹாமா அணுமின் நிலையம், மூன்றாம் அலகு. கதிரியக்கம் இல்லாத இரண்டாம் சுற்றின் கொதிநீர்க் குழாய், 56 செ.மீ. விட்டம், வெடித்தது. ஐந்து தொழிலாளர் உயிரிழந்தனர், ஆறு பேர் காயமடைந்தனர். குழாயின் ஆரம்பக் கனம் 10 மி.மீ. வெடித்த இடத்தில் ஒன்றரை மி.மீ. கூட மிச்சமில்லை. ஓட்டத்தை அளக்கும் ஒரிஃபீஸ் தட்டுக்கு அடுத்த, சுழல் அடிக்கும் இடம் அது. 1976இல் இயங்கத் தொடங்கியதிலிருந்து ஏறக்குறைய 28 ஆண்டுகள் அந்த இடத்தை யாரும் அளக்கவே இல்லை. ஏன்? சோதிக்க வேண்டிய இடங்களின் பட்டியலில் அது விடுபட்டிருந்தது. விடுபட்டது முந்தைய ஆண்டே தெரியவந்தும், அடுத்த பராமரிப்பு நிறுத்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். அந்த நிறுத்தம் தொடங்க இன்னும் ஐந்தே நாள் இருந்தது. ஜப்பானில் கருவிக்குப் பஞ்சமா? இல்லை. பட்டியலில்தான் பஞ்சம்.

நம் நாட்டுக்கு வருவோம். 2014ஆம் ஆண்டு ஜூன் 27. ஆந்திராவின் கோதாவரி டெல்டாவில் நகரம் என்ற கிராமத்தில் எரிவாயுக் குழாய் கசிந்து தீப்பிடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உலர்ந்த வாயுவுக்கான குழாயில் ஈரம் கலந்த வாயு ஓடியதும், அந்த ஈரம் உள்ளே அரித்ததும் விசாரணையில் பேசப்பட்டன.

எங்கள் மலைக்கு அடுத்த மலை இடுக்கி. அங்கே 2007ஆம் ஆண்டு செப்டம்பர் 17 அன்று பன்னியாறு நீர்மின் நிலையத்தின் பென்ஸ்டாக் குழாய் வெடித்து ஊழியர்கள் உள்ளிட்டோர் உயிரிழந்தார்கள். மலையில் உயரமே மோட்டார் என்று முன்னால் எழுதினேன் அல்லவா? அந்த உயரமே எமனாகவும் ஆகும்.

நாம் செய்ய வேண்டியது

நம்மில் பலர் நாளை ரிஃபைனரியிலோ, சர்க்கரை ஆலையிலோ, சாயப்பட்டறையிலோ, அனல்மின் நிலையத்திலோ, குடிநீர் வாரிய ஒப்பந்தக்காரரிடமோ வேலைக்குப் போவோம். டிப்ளமாக்காரன் கையில்தான் ப்ரோப் இருக்கும். அறிக்கையில் முதல் கையெழுத்தும் நம்முடையதாகத்தான் இருக்கும். ஆகவே நான் காசு கொடுத்துக் கற்காத, மாமா கால் கொடுத்துக் கற்ற பாடத்தைச் சுருக்கித் தருகிறேன்.

ஒன்று: கருவியை எடுக்கும் முன் குழாயோடு முழுத் தூரமும் நடந்து பாருங்கள். தாழ்வு, தொய்வு, முட்டுச்சந்து, வளைவு, ஒரிஃபீஸ், பாதி திறந்தே கிடக்கும் வால்வு, இவற்றைப் படம் போட்டுக் குறியுங்கள்.

இரண்டு: அந்தக் குழாயோடு தினமும் இருப்பவரிடம் கேளுங்கள். நிறம், சத்தம், கேஜ் முள், எத்தனை முறை கிளாம்ப் போட்டார் என்று அவருக்குத் தெரியும். நமக்கு டிப்ளமா இருக்கலாம். அவருக்கு இருபது வருடம் இருக்கிறது.

மூன்று: ஒரு முறையை மட்டும் நம்பாதீர்கள். ஓட்டச் சோதனை "உள்ளே கோளாறு" என்று சொன்னால், அல்ட்ராசோனிக் "நல்லது" என்று சொன்னால், இரண்டும் உண்மையாக இருக்கலாம். நீங்கள் வைத்த இடம்தான் தவறாக இருக்கும்.

நான்கு: கை எட்டுகிற இடத்தை அளக்காதீர்கள், கெடுகிற இடத்தை அளங்கள். மண்ணைத் தோண்டுங்கள், கல்லை நகர்த்துங்கள், அட்டை கடித்தால் உப்பு வையுங்கள்.

ஐந்து: வால்வு மாற்றினாலும், ஓடும் திரவம் மாறினாலும், அழுத்தம் மாறினாலும் பழைய அளவுகளை நம்பாமல் மறுபடி கணக்குப் போடுங்கள்.

ஆறு: அறிக்கையில் "பார்த்த இடங்கள்" என்று ஒரு பட்டியல் எழுதும்போது, பக்கத்திலேயே "பார்க்காத இடங்கள், பார்க்காததன் காரணம்" என்று இன்னொரு பட்டியலும் எழுதுங்கள். அது வெட்கப்பட வேண்டிய பட்டியல் அல்ல. அடுத்து வருகிறவன் அதைப் பார்த்துத்தான் அங்கே போவான். அன்று என் தாளில் "ஓடைத் தொய்வு பார்க்கவில்லை, அடிப்பக்கம் பார்க்கவில்லை" என்று ஒரே ஒரு வரி இருந்திருந்தால் முதலாளி கேட்டிருப்பார், மாமாவாவது மண்வெட்டி எடுத்திருப்பார்.

இப்போது அந்த லைன் புதிது. ஓடையைத் தாண்டும் இடத்தில் காங்கிரீட் தாங்கிகளும், கீழே வண்டலை வெளியேற்ற ஒரு வாஷ்-அவுட் வால்வும் வைத்திருக்கிறார்கள். பால் வால்வை எடுத்துவிட்டு மறுபடி சக்கர வால்வே போட்டாயிற்று. மாமா லேசாக விந்தி நடக்கிறார், ஆனால் அதே வேலையில்தான் இருக்கிறார். போன பொங்கலுக்குப் போனபோது, "மாப்ள, மிஷின் கொண்டாந்தியா?" என்று கேட்டார். கொண்டுபோயிருந்தேன். இருவரும் ஓடையில் இறங்கினோம். அவர் குழாய்க்கு அடியில் கண்ணாடித் துண்டைப் பிடிக்க, நான் 6 மணியில் ப்ரோபை வைத்தேன். 4.5 வந்தது. நோட்டில் தேதி போட்டு எழுதிவிட்டு, அடியில் பார்க்காத இடங்களையும் எழுதினேன். சோலைக்குள் மண்ணில் புதைந்த முப்பது மீட்டர் இன்னும் பாக்கி இருக்கிறது. அதை வரும் கோடை விடுமுறையில் தோண்டிப் பார்ப்பதாக மாமாவிடம் சொல்லியிருக்கிறேன்.

தோழர்களே, வெளியே பளபளப்பதை வைத்து உள்ளே நல்லது என்று கையெழுத்துப் போடாமல் இருப்போம். பார்ப்போம், அளப்போம், பார்க்காததையும் ஒளிக்காமல் எழுதுவோம்!

இறுதியாண்டு, இயந்திரவியல் துறை